கொமோடோ கடலில் எல்லாமே நீரோட்டத்தின் கணக்கு

கொமோடோ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்த ராட்சத உடும்புதான். நியாயம்தான், இந்தோனேசிய அரசு 1980இல் அங்கே தேசியப் பூங்கா அமைத்ததே உடும்பைக் காப்பாற்றத்தான். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் பூங்காவின் பரப்பில் பெரும்பகுதி கடல்தான் இருக்கிறது. கொமோடோ, ரிஞ்சா, பாடார் என மூன்று பெரிய தீவுகள், சுற்றிலும் புல் மூடிய சின்னச் சின்னத் தீவுகள், மேற்கே சும்பாவா, கிழக்கே ஃப்ளோரெஸ். 1991இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. தண்ணீருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இனங்கள், பாறை கட்டும் பவளங்களில் மட்டும் ஏறத்தாழ 260 வகை, ஆமைகள், சுறாக்கள், மாண்டா திருக்கைகள், அங்கங்கே ஆவுளியா, வழிப்போக்கர்களாய் வந்து போகும் திமிங்கிலங்கள். உலகம் முழுவதிலும் இருந்து ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் ஃப்ளோரெஸின் மேற்கு முனையில் இருக்கும் லபுவான் பாஜோ ஊருக்கு வந்து இறங்குவது இதற்காகத்தான்.

இவ்வளவு உயிர் ஏன் இந்த ஒரு இடத்தில் குவிந்திருக்கிறது என்று கேட்டால், அது பவள முக்கோணத்துக்குள் இருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். உண்மைதான், ஆனால் பாதி பதில்தான். பவள முக்கோணம் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, பப்புவா நியூ கினி, கிழக்குத் திமோர், சாலமன் தீவுகள் என்று ஆறு நாடுகளின் கடலைத் தொட்டுக் கிடக்கும் பெரிய பரப்பு, அதற்குள்ளேயே வளமில்லாத இடங்களும் நிறைய உண்டு. மீதிப் பாதி பதில் நீரோட்டம். எது எங்கே வாழ்கிறது, டைவர் எந்த நேரத்தில் தண்ணீரில் இறங்கலாம், உடைந்த பவளம் திரும்ப வளருமா வளராதா, எந்தப் பாறையில் எத்தனை படகு வந்து குவிகிறது என்பது வரைக்கும் அதுதான் தீர்மானிக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் கொமோடோவில் டைவ் செய்வதும் ஆபத்து, அந்தப் பூங்காவுக்குச் சட்டம் போடுவதும் வீண் என்பது என் கருத்து.

முதலில் தண்ணீர் ஏன் அப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். பசிபிக் பெருங்கடலின் நடுக்கோட்டுப் பகுதியில் கிழக்கிலிருந்து மேற்காக ஓயாமல் வீசும் காற்று, நீரைத் தள்ளிக் கொண்டுவந்து ஆசியப் பக்கம் குவிக்கிறது. அதனால் இந்தோனேசியாவுக்கு வடகிழக்கே கடல் மட்டம் கொஞ்சம் உயர்ந்தும், தெற்கே இந்தியப் பெருங்கடல் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் இருக்கிறது. உயர்ந்த பக்கத்துத் தண்ணீர் தீவுகளுக்கு இடையே புகுந்து தாழ்ந்த பக்கம் இறங்குகிறது. மொத்தமாகக் கணக்கிட்டால் விநாடிக்குச் சராசரியாக ஒன்றரைக் கோடி கன மீட்டர் அளவுக்கு நீர் இப்படிப் பசிபிக்கிலிருந்து நம் இந்தியப் பெருங்கடலுக்கு வந்துகொண்டே இருக்கிறது. இதில் பெரும்பங்கு லொம்போக், ஓம்பாய், திமோர் பக்கத்து ஆழமான வழிகளில் போய்விடும், கொமோடோவைச் சுற்றியுள்ள நீரிணைகளில் வருவது சின்னப் பங்குதான்.

ஆனால் அந்தச் சின்னப் பங்கோடு ஓதமும் சேர்ந்துகொள்கிறது. வடக்கே ஃப்ளோரெஸ் கடலிலும் தெற்கே இந்தியப் பெருங்கடல் பக்கத்திலும் ஓதம் ஒரே நேரத்தில் ஒரே அளவாக ஏறி இறங்குவதில்லை. நடுவில் இருப்பதோ சும்பாவாவுக்கும் கொமோடோவுக்கும் இடையே சாபே நீரிணை, கொமோடோவுக்கும் ரிஞ்சாவுக்கும் இடையே லிந்தா நீரிணை, ரிஞ்சாவுக்கும் ஃப்ளோரெஸுக்கும் இடையே இன்னும் ஒடுங்கிய மோலோ என்று குறுகலான வாய்கள். ஏரி நிரம்பி நிற்கும்போது மதகைத் திறந்துவிட்டால் தண்ணீர் எப்படிப் பாயுமோ அப்படித்தான் இந்த வாய்களில் கடல் பாய்கிறது, பிறகு ஓதம் மாறும்போது திசையும் மாறிக்கொள்கிறது, ஒவ்வொரு நாளும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாட்களில் இன்னும் மூர்க்கமாக. படகில் உட்கார்ந்திருக்கும்போதே நடுக்கடலில் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழியிட்டுச் சுழல்வதையும், பக்கத்திலேயே கண்ணாடித் தகடு போல வழவழப்பான வட்டங்கள் எழுவதையும் பார்க்கலாம். ஆழத்திலிருந்து நீர் மேலே மோதி எழும் இடங்கள் அவை.

இந்த ஓட்டத்தோடு சேர்ந்த இன்னொரு விஷயம் குளிர். ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று வீசும் காலத்தில், பூங்காவின் தெற்குப் பக்கம் மேற்பரப்பு நீர் ஒதுக்கப்பட்டு, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. வடக்கே 27, 28 டிகிரியில் மெல்லிய உடையோடு டைவ் செய்துவிட்டு, அதே படகில் சில மணி நேரம் தெற்கே போனால் 22, 23 டிகிரி, சில நாட்களில் அதற்கும் கீழே. வெப்பமண்டலக் கடல்தானே என்று நினைத்து வருகிறவர்கள் நடுங்கிவிடுவார்கள், ஐந்து மில்லிமீட்டர் உடையும் தலைக்கு உறையும் இல்லாமல் தெற்கே இறங்குவது வேண்டாத சிரமம். நிறமும் வேறு. வடக்கே நீலம், தெளிவு, தூரம் வரை பார்வை போகும். தெற்கே பச்சை, கலங்கல். அந்தக் கலங்கல்தான் பிளாங்டன், நீரோடு மிதந்து திரியும் மிகச் சிறிய உயிர்கள், அதாவது அங்கே வாழ்கிற எல்லாவற்றுக்குமான சோறு.

அதனால்தான் ஒரே பூங்காவுக்குள் இரண்டு வேறு கடல்கள் இருக்கின்றன. வடக்கே கேஸில் ராக், கிரிஸ்டல் ராக் போன்ற இடங்களில் கடினப் பவளம், திறந்த கடலிலிருந்து வேட்டைக்கு வரும் பாரைக் கூட்டங்கள், சுறாக்கள். தெற்கே ரிஞ்சாவின் அடிப்பக்கத்தில் இருக்கும் கேனிபல் ராக் என்ற பாறையில் பாறையே கண்ணுக்குத் தெரியாது, கடற்பஞ்சும் மென்பவளமும் இறகு நட்சத்திரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். கடல் அட்டை என்றால் நமக்குத் தெரிந்தது மண்ணில் கிடக்கும் கறுத்த உருளை, அங்கேயோ அதன் உறவுக்காரன் ஒன்று ஊதா உடலும் சிவப்பு மஞ்சள் வரிகளுமாய்ப் பாறை உச்சியில் நின்றுகொண்டு, பூப்போல விரிந்த கைகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டுச் சப்பிக்கொண்டிருக்கும். ஓடும் நீரில் வருவதைப் பிடித்துத் தின்னும் பிராணி அது. இடம்விட்டு நகராத உயிர்களுக்கு நீரோட்டம் இல்லாவிட்டால் பட்டினிதான்.

பவளத்துக்கும் இந்தக் குளிர் ஒரு காப்பு. கோடையில் வழக்கமாக எட்டும் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் உடலுக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும், நீண்டால் செத்துவிடும். 1998, 2016, 2024 என்று உலகம் முழுக்கப் பவளம் வெளிறிய ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் ஓயாமல் கலந்துகொண்டிருக்கும் இடத்தில் வெப்பம் தேங்கி நிற்க வாய்ப்பு குறைவு. கொமோடோவுக்கு வெளிறலே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. ஓட்டம் குறைந்த விரிகுடாக்களில் அந்தக் காப்பு பலவீனம்தான். ஆனாலும் இனிவரும் பத்தாண்டுகளில் எந்தப் பவளப்பாறைகள் மிஞ்சும் என்று யோசிக்கிறவர்கள் இப்படிப்பட்ட குளிர்நீர் எழும் இடங்களைக் கவனமாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

பத்து போலோங் என்ற பாறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லிந்தா நீரிணையின் நடுவே தண்ணீருக்கு மேல் சின்னதாகத் தலைகாட்டும் ஒரு மொட்டைப் பாறை, மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை. கீழே செங்குத்தாக எழுபது மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. ஓட்டம் ஒரு பக்கம் வந்து மோதிப் பிளந்து இரண்டு பக்கமும் வழிந்து போகும், மறுபக்கம் ஒரு மறைவு உண்டாகும், அந்த மறைவுக்குள்தான் டைவ் செய்ய முடியும். உச்சியிலிருந்து சுமார் இருபது மீட்டர் வரை ஒரு கையளவு இடம் விடாமல் பவளம். அதற்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஆயிரக்கணக்கான சின்ன மீன்கள். ஓட்டம் மிதமாக இருக்கும்போது பாறையை விட்டு வெளியே வந்து பிளாங்டனைக் கொத்துவதும், வேகம் கூடினால் ஒரே நொடியில் பவளத்துக்குள் ஒடுங்குவதுமாய் அவை இருக்கின்றன. ஓட்டத்தின் வேகத்தை அறிய எந்தக் கருவியும் வேண்டாம், இந்த மீன்கள் எவ்வளவு தூரம் வெளியே நிற்கின்றன, எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று பார்த்தாலே போதும், அனுபவமுள்ள வழிகாட்டிகள் அதைத்தான் பார்க்கிறார்கள். அவற்றைத் தாண்டி வெளியே நீலத்தில் பாரைகளும் சூரைகளும், அடியில் களவாக்களும், ஆள் நீளத்துக்கு வளரும் நெப்போலியன் மீனும். அந்த இடத்தில் படகை நிறுத்தி வெடி போட்டு மீன் பிடிப்பது கஷ்டம் என்பதாலேயே இந்தப் பவளம் தப்பியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

சுறாக்கள் ஓட்டத்துக்கு எதிர்முகமாக, வாலைக்கூட அசைக்காமல் நிற்பதுபோல் மிதப்பதைக் கேஸில் ராக் பக்கம் பார்க்கலாம். பிரெஞ்சு பொலினீசியாவின் ஃபகராவா பவளத்தீவில் இதே சாம்பல் சுறாக்களை ஆராய்ந்து 2021இல் ஒரு ஆய்வு வந்தது: சரிவில் மோதி மேலே எழும் நீரின்மீது, பருந்து காற்றில் மிதப்பதைப்போல் அவை மிதந்து, குறைந்தது பத்து சதவீத ஆற்றலை மிச்சப்படுத்துகின்றன என்று. ஓட்டம் நமக்குத்தான் சிரமம், அவற்றுக்கு அது ஓய்வு.

சரி, நமக்கு எவ்வளவு சிரமம்? மனிதன் துடுப்பு மாட்டிக்கொண்டு நீந்தினாலும் ஒரு நாட் (மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு) வேகத்துக்குமேல் வரும் நீரை எதிர்த்துக் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிப்பான். அந்தக் கொஞ்ச நேரத்திலும் மூச்சு வாங்கும், காற்று தீரும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், இருபது மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே செலவாவதைப்போல் மூன்று மடங்கு காற்று சிலிண்டரிலிருந்து போகிறது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் கணக்கு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே இங்கே டைவிங் என்பது ஓட்டத்தை எதிர்க்காமல் இருக்கக் கற்பதுதான். ஓதம் மாறும்போது சிறிது நேரம் நீர் கிட்டத்தட்ட நின்றுவிடும், அந்த இடைவெளியைப் பிடித்து இறங்குவார்கள். அல்லது மறைவுப் பக்கத்தில் இறங்கி அதற்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக மேலேறுவார்கள். அதுவும் இல்லையென்றால் ஓட்டத்தோடு போய்விட்டு, போய்ச் சேரும் இடத்தில் படகு வந்து அள்ளிக்கொள்ளும்.

பாறைகளில் இறங்கும்போது மிதவை ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் குதித்து, மேலே நின்று கையசைத்துக்கொண்டிருக்காமல் நேராகக் கீழே போய்விட வேண்டும், மேற்பரப்பில் அரை நிமிடம் தாமதித்தாலும் பாறை உங்களைத் தாண்டிப் போய்விடும். பயப்பட வேண்டியது பக்கவாட்டில் ஓடும் நீரைவிட, கீழ்நோக்கி இழுக்கும் நீர். பாறையின் விளிம்பைத் தாண்டினால் அது காத்திருக்கும். நாம் விடும் குமிழிகள் மேலே போகாமல் கீழே போக ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. அப்போது நேர் மேலே நீந்தப் போராடக் கூடாது. பாறைச் சுவரை விட்டு விலகிப் பக்கவாட்டில் வெளியே நீந்தினால் அந்த இழுப்பு பெரும்பாலும் விட்டுவிடும். முடியாவிட்டால் பாறையைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், உயிருக்கு ஆபத்தான நேரத்தில் பவளத்தைத் தொடுவதில் தவறில்லை. ஜாக்கெட்டில் காற்று ஏற்றினால், இழுப்பு விட்ட நொடியே அதை வெளியேற்றக் கை தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து மாதிரி மேலே போய்விடுவோம், அது இன்னொரு ஆபத்து. மூச்சை மட்டும் எந்த நிலையிலும் அடக்கவே கூடாது.

2008 ஜூனில் ஐந்து ஐரோப்பிய டைவர்கள் தட்டாவா கெசில் என்ற சின்னத் தீவுக்கு அருகே டைவ் செய்துவிட்டு மேலே வந்தபோது படகைவிட்டு வெகுதூரம் இழுத்துச் செல்லப்பட்டார்கள். பத்து மணி நேரம் போல ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மிதந்து, ராத்திரியில் ரிஞ்சா தீவின் ஆளில்லாத கரையில் ஒதுங்கினார்கள். குடிதண்ணீர் இல்லை, பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளைத் தின்று இரண்டு இரவு தாங்கினார்கள், கிட்டே வந்த கொமோடோ உடும்பைக் கல்லெறிந்து விரட்ட வேண்டியிருந்தது. கடைசியில் தேடி வந்த படகு ஒன்று அவர்களைக் கண்டுபிடித்தது. அவர்கள் அனுபவமில்லாதவர்களும் இல்லை. ஒவ்வொரு டைவரும் நீளமான ஆரஞ்சு நிற மிதவைக் குழாயும், விசிலும், முடிந்தால் ஒளி எறியும் விளக்கும் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். இப்போதுதான் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் வாங்கியவர்கள் கொமோடோவுக்குப் போகவே கூடாதா என்றால், போகலாம், சியாபா போன்ற அமைதியான இடங்களில் ஆமைகளோடு ஆனந்தமாக டைவ் செய்யலாம். கேஸில் ராக்கில் முதல் நாளே இறக்கிவிடுகிறேன் என்று எவராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகிவிடுவது நல்லது. அப்புறம், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே பதினெட்டு மணி நேரமாவது விட வேண்டும், லபுவான் பாஜோவிலிருந்து பெரும்பாலானோர் விமானத்தில்தான் திரும்புகிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

மாண்டாவுக்கு வருவோம். கராங் மகாஸார் என்ற இடத்தில் அடித்தளம் முழுக்க உடைந்த பவளச் சில்லுகள், பெரிய பாறை ஒன்றும் கிடையாது, பார்த்தால் பாலைவனம். ஓட்டத்தோடு சும்மா மிதந்துகொண்டே போனால், திடீரென்று மூன்று நான்கு மீட்டர் அகலச் சிறகோடு ஒரு திருக்கை, தலைக்கு முன்னால் இரண்டு கொம்பும் நீட்டிக்கொண்டு, எதிரே வந்து நிற்கும். நிற்கும் என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாண்டா நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் நீர் போய் அது மூச்சு விட முடியும், ஓரிடத்தில் சும்மா கிடக்க அதற்கு வழியில்லை. ஆனால் ஓட்டத்துக்கு எதிர்முகமாக மெல்லச் சிறகசைத்தால் நீர் தானாகவே செவுள் வழியே ஓடும், அது இருந்த இடத்திலேயே இருக்கலாம். அந்த நேரத்தில் சில்லுகளுக்கு நடுவே துருத்தி நிற்கும் சின்னப் பவளத் திட்டிலிருந்து துப்புரவு மீன்கள் கிளம்பி வந்து, அதன் தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். பிளாங்டனும் ஓட்டம்தான் கொண்டுவருகிறது. சாப்பாடு, மூச்சு, சுத்தம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால்தான் அந்த வறண்ட தளத்துக்கு அவை திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒவ்வொரு மாண்டாவின் அடிவயிற்றிலும் உள்ள கரும்புள்ளிகள் நம் கைரேகை மாதிரி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. 2013 முதல் 2018 வரை டைவர்கள் எடுத்துக் கொடுத்த படங்களையும் வைத்து ஆய்வாளர்கள் கொமோடோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி மாண்டாக்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். உல்லாசப் பயணியாக வந்தவர் எடுத்த படம் அறிவியலுக்கு இவ்வளவு பயன்பட்ட இடங்கள் குறைவு. அதே முறையில்தான் பாலிக்குப் பக்கத்தில் உள்ள நுசா பெனிடாவில் பார்த்த மாண்டா சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி கொமோடோவில் தென்பட்டதும் தெரியவந்தது. அப்படியென்றால் பூங்காவின் எல்லைக்குள் மட்டும் காவல் போட்டுப் பயனில்லை. மாண்டா சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும், கர்ப்பம் ஏறக்குறைய ஒரு வருடம். செவுள் தட்டுகளைக் காயவைத்துச் சீனச் சந்தைக்கு மருந்தென்று விற்பதற்காகப் பிடிக்க ஆரம்பித்தால் எந்தக் கூட்டமும் தாங்காது. இதே மாகாணத்திலேயே கிழக்கே லமகேரா என்ற ஊரில் மாண்டா வேட்டை தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது, செவுள் சந்தை வந்ததும் அது வணிகமாகப் பெருகியது. 2014இல் இந்தோனேசியா தன் கடல் முழுவதும் மாண்டாக்களுக்குப் பாதுகாப்பு அறிவித்தது மிகப் பெரிய முடிவு.

பிளாஸ்டிக் இன்னொரு கவலை. ஓட்டம் பிளாங்டனைச் சேர்த்துத் தரும் அதே வரிகளில்தான் மிதக்கும் குப்பையையும் சேர்த்து வைக்கிறது. இந்தோனேசியாவின் மாண்டா மேயும் இடங்களில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, ஒரு மாண்டா மணிக்கு 63 பிளாஸ்டிக் துண்டுகள் வரை விழுங்கக்கூடும் என்று கணக்கிட்டது. வாயைத் திறந்துகொண்டு நீரை வடிகட்டும் பிராணிக்கு எது உணவு எது குப்பை என்று பிரிக்க வழியே இல்லை.

இப்போது இந்தக் கதையின் கசப்பான பகுதி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தக் கடலில் வெடி போட்டு மீன் பிடிப்பது சாதாரணம். பாட்டிலில் அடைத்த நாட்டு வெடியைக் கூட்டத்தின்மேல் எறிந்தால் அதிர்ச்சியில் மீன்கள் செத்து மிதக்கும், பாதி மூழ்கிப்போகும், கீழே பவளம் பொடிப்பொடியாகும். நூற்றாண்டுக்கணக்கில் வளர்ந்தது ஒரு நொடியில் சில்லு மேடாகிவிடும். அதற்கப்புறம் நடப்பதுதான் இந்த இடத்தின் விசேஷத் துயரம்: பவளக் குஞ்சுகள் மிதந்து வந்து சில்லுகளில் ஒட்டத்தான் செய்கின்றன, ஆனால் ஓட்டம் அந்தச் சில்லுகளைப் புரட்டிக்கொண்டே இருப்பதால் ஒட்டியவை நசுங்கியும் புதைந்தும் சாகின்றன. வெடிச் சத்தம் நின்று வருடங்கள் கழிந்தும் அந்த இடங்கள் மொட்டையாகவே கிடந்தன. எந்த ஓட்டம் கொமோடோவின் பவளத்துக்குச் சோறு போடுகிறதோ அதேதான் உடைந்த பவளத்தை எழவிடாமல் தடுக்கிறது.

ஹெலன் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு எளிய வழியை முயன்று பார்த்தார்கள். வலை போட்டுச் சில்லை இறுக்கிப் பார்த்தார்கள், சிமென்ட் பலகை வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் நன்றாக வேலை செய்தது கரையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய சாதாரணப் பாறைக் கற்கள். ஓட்டம் புரட்ட முடியாத கனம், சில்லுக்கு மேலே உயர்ந்து நிற்கும் குவியல், அவ்வளவுதான் தேவைப்பட்டது. பல ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது நிறையக் குவியல்கள் பவளத்தால் மூடியிருந்தன. எல்லா இடத்திலும் வெற்றி இல்லை, ஓட்டம் மிக மூர்க்கமான சில இடங்களில் கல்லே சில்லுக்குள் மூழ்கிப்போனது. எனக்கு இதில் பிடித்தது, விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், அந்தக் கடலின் இயல்பைப் புரிந்துகொண்டு செய்த வேலை என்பதுதான்.

வெடியோடு சயனைடும் வந்தது. ஹாங்காங் உணவகத் தொட்டிகளுக்கு உயிரோடு களவாவும் நெப்போலியன் மீனும் வேண்டும், அதற்கு மீனைக் கொல்லாமல் மயக்க வேண்டும், அதனால் பவளப் பொந்துக்குள் சயனைடு கரைசலைப் பீய்ச்சுவார்கள். படகில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஓடவிட்டு, அதிலிருந்து போகும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு முப்பது நாற்பது மீட்டர் ஆழத்தில் மணிக்கணக்கில் இருந்த அந்த முக்குளிப்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நைட்ரஜன் உடலில் தேங்கி மூட்டு முறுக்கி, கால் விளங்காமல் போனவர்கள் இந்தோனேசியக் கடற்கரைகளில் உண்டு. களவாக்களுக்கோ இன்னொரு பலவீனம்: ஆண்டில் குறிப்பிட்ட மாதங்களில், நிலவின் கணக்கில், ஒரே இடத்தில் கூடித்தான் முட்டையிடும். ஓட்டம் முட்டைகளை வெளியே கொண்டுபோய்ப் பரப்பும் இடமாகப் பார்த்துக் கூடுகின்றன. அந்த இடமும் நாளும் மீனவர்களுக்கும் தெரியும். ஒரு வாரம் அங்கே தூண்டில் போட்டால் பல வருட இருப்பு காலி. பூங்காவில் 1995க்குப் பிறகு ரோந்து கூடி, மீன் பிடிக்கக் கூடாத பகுதிகள் வரையறுக்கப்பட்டு, வெடி பெருமளவு குறைந்தது. அடியோடு நின்றுவிடவில்லை.

பூங்காவுக்குள்ளேயே கொமோடோ, ரிஞ்சா, பாபகாரங் என்று கிராமங்கள் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. கடலையே நம்பிய பஜாவ் வழிவந்தவர்கள் நிறையப் பேர். மீன் பிடிக்கக் கூடாது என்று சொன்னால் அவர்கள் வேறென்ன செய்வார்கள் என்ற கேள்விக்குச் சுற்றுலாதான் பதில் என்று சொல்லப்பட்டது, அவர்களும் படகோட்டிகளாக, வழிகாட்டிகளாக, மர உடும்பு செதுக்குகிறவர்களாக மாறினார்கள். பிறகு 2019இல் கொமோடோ தீவையே மூடிவிடப்போவதாக மாகாண அரசு அறிவித்தது, அது கைவிடப்பட்டது. 2022இல் நுழைவுக் கட்டணம் 37 லட்சத்து 50 ஆயிரம் ரூப்பியா என்று அறிவிப்பு வந்ததும் லபுவான் பாஜோவில் சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதுவும் தள்ளிப்போடப்பட்டுக் கடைசியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பணக்காரர்கள் மட்டும் வரட்டும் என்று விலையை ஏற்றிக் கட்டுப்படுத்துவது, மீன்பிடியை விட்டுவிட்டு வந்த குடும்பங்களின் தலையில்தான் முதலில் விழும் என்பதிலும் சந்தேகமில்லை.

அதோடு, ஆண்டுக்கு எத்தனை பேர், நாளுக்கு எத்தனை பேர் என்று மொத்தப் பூங்காவுக்கும் கணக்கு போடுவது கடலுக்குள் அதிகம் உதவாது. பத்து போலோங்கில் டைவ் செய்யத் தோதான நேரம் ஓத அட்டவணையில் எல்லோருக்கும் ஒன்றுதான், மறைவுப் பக்கமும் ஒன்றுதான். ஆகவே பூங்காவில் அன்று கூட்டமே இல்லாவிட்டாலும், அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாப் படகும் அந்த ஒரு பாறைக்குத்தான் வரும், ஒரு வீட்டு மனையளவு பவளத்தின்மேல் ஐந்தாறு குழுக்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு மிதக்கும், ஓட்டம் தள்ளும்போது கையும் துடுப்பும் எதிலாவது படத்தான் செய்யும். கராங் மகாஸாரிலும் இதே கதைதான், மாண்டா துப்புரவுத் திட்டுக்கு வருவதற்குள் சுற்றிலும் ஆட்கள் நின்றால் அது திரும்பிப் போய்விடும். ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு ஓத இடைவெளிக்கும் இத்தனை படகு என்று முறைவைத்துப் பிரித்து, நங்கூரம் போடாமல் கட்டிக்கொள்ள மிதவைகள் போதுமான அளவு வைத்து, அதைக் கண்காணிக்க ரோந்துக்காரர்களுக்குக் கட்டணத்திலிருந்து சம்பளம் போனால், வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைக்காமலேயே பாறைகளின்மேல் சுமை குறையும். அதுவரை போகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன்னால், நாளைக்கு ஓதம் எத்தனை மணிக்கு மாறுகிறது, எந்தப் பாறையில் எந்தப் பக்கம் இறக்குவீர்கள், அங்கே ஏற்கெனவே நாலு படகு நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வேறு இடத்துக்குப் போவோம் என்று தயங்காமல் சொல்கிற படகில் ஏறுங்கள்.